சோடியம் குறைந்த உப்பு

கடையில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் நான் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பேன். முன்பக்கத்தில் இருப்பது விற்கிறவருடைய ஆசை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் சரக்கு. பிஸ்கட் உறையின் முன்னால் கோதுமைக் கதிர் படம் இருக்கும். திருப்பினால் முதலில் மைதா, பிறகு பாமாயில், கோதுமை எங்கோ நடுவில் வரும். எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. இந்த ஒன்று தெரிந்தால் போதும், பாதி ஏமாற்று குறைந்துவிடும்.

இதைத்தான் ஓய்வுபெற்ற பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஸ்டேஷனில் உங்கள் ஏட்டையாவுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. அற்புதமணி என்று பெயரைச் சொன்னதுமே, "அட்டையப் படிக்கச் சொல்லுத சார்லா?" என்று கேட்டார். அவருடைய மனைவி ஏதோ கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டிருக்கிறாராம்.

அதற்கு முன்னால் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். நான் செய்தி எழுதியவன் அல்ல. மற்றவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன். ஓய்வுக்குப் பின் தூத்துக்குடிக்கே திரும்பி வந்து, இங்கிருந்து வெளிவரும் மாத இதழ் ஒன்றில் உணவுப் பொட்டலங்களின் அட்டைகளைப் பற்றிப் பத்தி எழுதினேன். மகளிர் குழுக்களிலும் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் பேசக் கூப்பிட்டார்கள். தருவைகுளத்தில் ஒருமுறை, சீலாக் குஞ்சுகளை வாங்காதீர்கள், அவை வளர்ந்து முட்டையிட்டால்தான் அடுத்த வருடம் கடலில் சீலா இருக்கும், விலை மலிந்த சாளை மீனை வாங்குங்கள், உடம்புக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது என்று பேசினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "சரி சார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குச் சாளையக் காச்சி வச்சா, அவரு எம் மகளையும் சேத்து இங்கனயே விட்டுட்டுப் போயிருவாரே. அதுக்கு எந்த அட்டையில என்ன போட்டிருக்கு?" கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது.

என் மனைவி கிருபாபாய் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். "ஊருல உள்ளவன் கையப் பாத்து ஜோசியம் சொல்லுதான். நீங்க பொட்டலத்தப் பாத்துச் சொல்லுதீய" என்பாள். கேலி செய்வாளே தவிர, கடைக்குப் போனால் அவளும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். நான் சொல்லிக்கொடுத்ததை முழுமையாக நம்பியவர்களில் முதல் ஆள் அவள்.

ஆறுமுகநயினார் அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவருடைய பலசரக்குக் கடையைப் பார்த்திருப்பீர்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சிறு வயதில் அடுத்தடுத்த வீடு. நான் சென்னையில் இருந்த காலம் முழுவதும் எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. மழை பெய்தால் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அவர் போவார். என் அப்பா இறந்தபோது நான் வந்து சேர்வதற்குள், கல்லறைக்குக் குழி வெட்டுகிற வேலை வரை அவரே பார்த்து முடித்திருந்தார். அவர் சிவன் கோயிலுக்குப் போகிறவர், நான் சர்ச்சுக்குப் போகிறவன். அது எங்களுக்குள் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. அவருடைய மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகள் சண்முகப்ரியா, துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள்.

கிருபாவுக்கு நீரிழிவு இருந்தது. இனிப்பை அடியோடு விடச் சொன்னார் டாக்டர். அவள் எல்லாவற்றையும் விட்டாள், காலைக் காப்பியைத் தவிர. இனிப்பில்லாத காப்பியை வாயில் வைத்துவிட்டு, "இது காப்பி இல்ல, தண்டனை" என்று கீழே வைத்துவிடுவாள். அப்போது அண்ணாச்சி கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் விற்பதை விட்டுவிட்டு, பொடித்து உறையில் அடைத்து 'தேரிப்பனை' என்ற பெயரில் விற்க ஆரம்பித்திருந்தார். சீனியைக் கைவிட முடியாதவர்கள் கருப்பட்டியை அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பத்தியில் எழுதினேன். தேரிப்பனையைப் பெயர் சொல்லியே எழுதினேன். பனைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், நம் மண்ணில் தானாக நிற்கிற மரம். அதன் இனிப்பை வாங்குவது மண்ணுக்கும் செய்கிற நன்மை என்றெல்லாம் எழுதியதாக ஞாபகம். டாக்டரிடமும் சொன்னேன். "எந்த இனிப்பும் இனிப்புதான் சார்" என்றார். சின்னப் பையன், பனை இல்லாத ஊரில் பிறந்தவர். நான் அவரோடு வாதாடவில்லை.

கிருபா கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்டையப் பாத்துட்டேன். சீனி இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து, "ஏளா, புருசன் அட்டையப் பாக்கதே போதாதுன்னு நீயும் கெளம்பிட்டியா?" என்றார். அவள், "நாங்க பாக்காட்டா நீங்க மண்ணள்ளியும் வித்துருவீயளே" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

இரண்டு வருடம் அந்தக் காப்பியைக் குடித்தாள். முதலில் கால் பெருவிரலில் ஒரு புண். பிறகு அந்த விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே. பிறகு காய்ச்சல் வந்து இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பண்டிகை நாளில்கூட நான் அவளுக்கு அளந்துதான் சோறு போட்டேன். அதை அப்படியே சொன்னேன். சவப்பெட்டியின் முன்பக்கத்தை ஒருபுறம் நானும் மறுபுறம் அண்ணாச்சியும் பிடித்துத் தூக்கினோம். குழியில் முதல் பிடி மண்ணை நான் போட்டேன், அடுத்த பிடி அவர் போட்டார்.

அதன்பின் பகல் பொழுதைக் கழிக்க எனக்கு அவருடைய கடைதான் இருந்தது. ஒருநாள் காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கணவன் சவூதியில் இருக்கிறானாம், அவனுக்கு அனுப்பக் கருப்பட்டி வேண்டுமாம். "இது சுத்தமானதுதானா அண்ணாச்சி? அவுங்களுக்குச் சுகர் இருக்கு" என்று கேட்டாள்.

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அதை நான் பதிவு செய்ய வேண்டும். "சுகர் உள்ளவருக்குன்னா வேண்டாம்மா. சீனிப்பாகு விடாம இந்தக் காலத்துல எவன் கருப்பட்டி காச்சுதான்? விட்டாத்தான் கட்டும், நிறமும் வரும். எல்லாவனும் விடுதான். நாம சொல்லி விக்கோம், மத்தவன் சொல்லாம விக்கான், அம்புட்டுத்தான்" என்றார்.

நான் கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் போகும்வரை காத்திருந்தேன்.

"அண்ணாச்சி, கிருபா இதத்தானே குடிச்சா" என்றேன்.

அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. "அதுக்கு இப்ப என்னலே செய்ய? நான் மறைச்சா வித்தேன்? அட்டையில போட்டுத்தானே இருக்கு. நீ பாக்காததா?"

பிறகு எதிர்க்கடையில் எனக்கு டீ சொன்னார். குடித்தேன்.

அகப்பட்டுக்கொண்ட எல்லா வியாபாரிகளும் சொல்வது இது. அட்டையில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்பார்கள். முன்பின் தெரியாதவன் சொன்னால் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டுப் போய்விடுவேன். இவர் வீட்டுச் சாவி வைத்திருந்தவர். கிருபாவின் காலை வெட்டிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அன்று காலையும் அவர் கடையில் அந்தப் பொட்டலம் விற்றிருக்கும். துரோகம் என்ற சொல்லைத் தலைப்புகளில் எத்தனையோ முறை வெட்டியிருக்கிறேன், மிகையாக இருக்கிறது என்று. இங்கே அதைவிடச் சிறிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் சண்டை போடவில்லை. கடைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஒருவேளை நாம் இப்போது பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அடுத்த வருடம் அண்ணாச்சிக்கு உடம்பு கெட்டது. இரத்த அழுத்தம் பல வருடமாக இருந்தது. அது சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்றார்கள். உப்பைக் குறைக்க வேண்டும், இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரையைக்கூட வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கண்ணிலும் இரத்தக் கசிவு. பெரிய எழுத்து மட்டும் தெரியும். பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

சண்முகப்ரியா உப்பே போடாமல் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அண்ணாச்சி தட்டைத் தள்ளிவிடுவார். "சுத்தி எங்கன பாத்தாலும் உப்பளம். லாரி லாரியா ஏத்துதான். இந்த ஊர்ல பொறந்துட்டு நான் உப்பில்லாம சோறு திங்கணுமா? நாக்கே மரக்கட்டையாப் போச்சுலே" என்பார். ஒருநாள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அழுதார். வயதான ஆண் அழுவதைப் பார்ப்பது நன்றாக இருக்காது. கிருபாவும் அந்தக் காப்பிக்காக ஒருநாள் அழுதிருக்கிறாள்.

"நீதான் ஊருக்கெல்லாம் சொல்லுதியே, எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லேன். உப்பு மாதிரி இருக்கணும், உப்பா இருக்கக் கூடாது" என்றார்.

நான் பெரிய கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். முன்பக்கத்தில் சிவப்பில் ஓர் இதயம். சோடியம் குறைந்த உப்பு என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள் வாங்குகிற பொருள். பெரும்பாலானவர்களுக்கு அது நல்லதும்கூட. நானும் வீட்டில் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து, தூர வைத்து, திரும்ப என்னிடம் நீட்டினார். "பின்னால என்னமோ எறும்பு ஊருத மாதிரி இருக்கு. நீ வாசி."

வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். சாதாரண உப்பைவிடச் சோடியம் குறைவு. அயோடின் சேர்த்தது. ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். தயாரித்தவர் முகவரி. எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது.

"சோடியம் கொறவுன்னா டாக்டர் வேண்டாம்னு சொன்னதுதானே கொறவு?"

"ஆமா அண்ணாச்சி."

"வேற ஏதும் போட்டிருக்கா?"

"புகார் சொல்ல ஒரு போன் நம்பர் போட்டிருக்கு."

அவர் சிரித்தார். "அப்ப ருசியில்லன்னா அவனுக்குப் போன் போட்டு ஏசுவோம்" என்றார்.

சாயங்காலம் சண்முகப்ரியா வந்தாள். அலுவலகக் களைப்பு முகத்தில் இருந்தது. அப்பா மோர் சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து முதலில் பதறினாள். பொட்டலத்தை எடுத்து இதயப் படத்தைப் பார்த்தாள். "இது சேக்கலாமா சித்தப்பா?" என்று கேட்டாள். அண்ணாச்சி முந்திக்கொண்டார். "ஏளா, அவன் பாத்துட்டான். வரி வரியா வாசிச்சுக் காட்டிட்டான்." அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "நீங்க பாத்துட்டியன்னா சரி" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தில் மீதி இருந்ததை அடுப்பங்கரை டப்பாவில் கொட்டினாள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த அப்பா சாப்பிடுவதைப் பார்த்து அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்று நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி நன்றாகச் சாப்பிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அற்புதம் எனக்கு உசிர் குடுத்தான்" என்று சொன்னார். குழம்பில் போட்டது போதாமல் தட்டிலும் மேலாகத் தூவிக்கொள்வார். டப்பா தீர்ந்ததும் அடுத்த பொட்டலத்தையும் நானே வாங்கிக்கொடுத்தேன். கை கால் அசதியாக இருக்கிறது என்றார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, பிறகு அடிக்கவே மறந்துபோகிறது என்றார். வெயில் அதிகம் அண்ணாச்சி என்றேன். உண்மையிலேயே வெயில் அதிகமாகத்தான் இருந்தது. ஒருநாள் காலை கல்லாவில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்கு நானும்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஆட்டோவில் அவருடைய தலை என் மடியில் இருந்தது. "சண்முகத்த..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

டாக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுச் சண்முகப்ரியாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், வீட்டில் என்ன உப்பு என்று. அவள் வீட்டுக்குப் போய்ப் பாதி தீர்ந்திருந்த இரண்டாவது பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். காரியம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தாள். உட்காரவில்லை.

"சித்தப்பா, இந்த வரிய நீங்க பாக்கலையா?"

பார்த்தேன் என்றேன்.

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "கண்ணு தெரியாத மனுசன் சித்தப்பா" என்று மட்டும் சொன்னாள். வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆகவே, அந்த வரியை ஏன் வாசித்துக் காட்டவில்லை என்ற உங்களுடைய முதல் கேள்விக்குப் பதில் இது. அந்த வரியில், இந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. எனக்கு அது புதிதல்ல. அந்த வரியைப் பற்றியே முன்பு ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். மற்ற எல்லா வரிகளையும் வாசித்துவிட்டு அதை மட்டும் விட்டேன். வேறு ஏதும் இருக்கிறதா என்று அவர் கேட்டபோதும் விட்டேன். அவர் சாக வேண்டும் என்றுதான் விட்டேன். தற்செயல் என்றோ கவனக்குறைவு என்றோ என் வக்கீல் நாளை சொன்னால் நம்ப வேண்டாம். நான் கவனக்குறைவானவன் அல்ல.

இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவருடைய கடையிலிருந்து எடுத்துவந்த தேரிப்பனைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தீர்கள். திருப்பி எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். சேர்மானங்கள்: பதநீர், சர்க்கரை. தெளிவாகப் போட்டிருக்கிறாரே, அவர் உங்களை எங்கே ஏமாற்றினார் என்று கேட்டீர்கள்.

நீங்கள் சென்னைக்காரர், உங்களுக்கு இது புரியாது. உங்கள் ஊரில் சர்க்கரை என்றால் டீயில் போடுகிற வெள்ளைச் சீனி. இங்கே அந்த வெள்ளைக்குச் சீனி என்று மட்டும்தான் பெயர். சர்க்கரை என்றால் இங்கே வெல்லத்தூள், பொங்கலுக்குப் போடுவது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த அட்டையை எத்தனை முறை வாசித்தாலும், பதநீரும் கொஞ்சம் வெல்லமும் என்றுதான் எடுத்துக்கொள்வாள். கிருபா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் அவர் ஒளிந்துகொண்டார். ஆபத்தை அவர் தெரிந்துகொண்டே இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாத சொல்லில் போட்டு விற்றார். இதற்குப் பெயர் கொலை இல்லையென்றால் நான் செய்ததும் கொலை இல்லை.

அப்படியானால் சீனி என்றே போட்டிருக்கலாமே என்றீர்கள்.

அண்ணாச்சி அப்படித்தான் எழுதியிருந்தார். அட்டை அச்சுக்குப் போவதற்கு முன்னால் பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்தார். நான் எழுத்தைத்தான் பார்த்தேன், சரக்கைப் பார்ப்பது என் வேலை இல்லை. சீனி என்பது பேச்சு வழக்கு. அதை அடித்துவிட்டுச் சர்க்கரை என்று போட்டுக் கொடுத்தேன். அச்சில் அதுதான் சரி.